டைம் கீப்பர் எடுத்துப் போனது

"கோயிலுக்குள்ள இருக்கிற வரைக்கும் நான் நல்ல மனுசன்தான், அம்மா. வாசலத் தாண்டினதும் என்னமோ ஆயிருது."

பிரமநாயகம் இதைச் சொன்னபோது மரகதம் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்த வாசல், அண்ணாச்சி?"

"கிழக்கு வாசல்."

"அப்ப இன்னைக்கு மேற்கு வாசல் வழியாப் போங்க."

அது ஆற்றங்கரை நகரம் ஒன்றின் நடுவில் இருக்கிற பழைய சிவன் கோயில். நான்கு பக்கமும் கோபுரம். உள்ளே காலெடுத்து வைத்தால் வெயிலும் ஹாரன் சத்தமும் வெளியிலேயே நின்றுவிடும். எண்ணூறு வருடம் ஆனது என்கிறார்கள். ஆயிரம் என்பவர்களும் உண்டு. கல்லுக்கு அதில் அக்கறை இல்லை.

மரகதம் அங்கே நந்தவனம் பார்க்கிறவர். நாற்பத்தெட்டு வயது. யாருக்கும் மந்திரம் சொன்னதில்லை. யாரையும் சீடன் என்று அழைத்ததில்லை. ஆனாலும் மனதில் ஏதாவது குத்தினால் ஆட்கள் அரளிச் செடிகளுக்கு நடுவே இருந்த அந்தக் கிணற்றடிக்குத்தான் வந்தார்கள்.

பிரமநாயகத்துக்கு அறுபத்து மூன்று. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக முப்பத்தொரு வருடம் இருந்தவர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று விசில் ஊதி, டிரைவரிடம் கத்தி, வண்டியைக் கிளப்பி விடுகிற வேலை. ஓய்வு பெற்ற அன்று விசிலைத் திருப்பிக் கொடுத்தார். குரலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

தன்னைவிடப் பதினைந்து வயது சிறியவரை அவர் அம்மா என்று அழைத்தார். சிறியவர் இவரை அண்ணாச்சி என்று அழைத்தார். இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

"நான் வெளையாட்டுக்குக் கேக்கல, அம்மா. ஞாயித்துக்கிழமை அவ போறா."

வாளி பாதியில் நின்றது.

"யாரு?"

"எங்க வீட்டுல. உலகம்மாள். அவ தம்பி கார் எடுத்துட்டு வாரான். கோவில்பட்டிக்குப் போயி இனிமே அவன் வீட்டுலதான் இருக்கப் போறாளாம். துணி அடுக்க ஆரம்பிச்சாச்சு."

"சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் தேவலையே! சிரிச்சுக்கிட்டேல்லா சொல்லுதா. 'நாப்பது வருசமா அந்தச் சாமியாலயே உங்களத் திருத்த முடியல, நான் எம்மாத்திரம்? எனக்கும் முழங்கால் போயாச்சு. இருக்கிற நாளையாவது சத்தமில்லாமக் கழிச்சுக்கிடுதேன்'ங்கா."

"அதுக்கு நீங்க என்ன சொன்னிய?"

பிரமநாயகம் அரளிச் செடியைப் பார்த்தார்.

"சத்தம் போட்டேன்."

வாளி மேலே வந்தது.

"ஒரு நாளும் கை நீட்டினது கெடையாது, அம்மா. வாய்தான். காப்பி ஆறிப்போனா சத்தம். பேப்பர் மடிப்புக் கலைஞ்சா சத்தம். அவ கதவத் தெறக்க நேரமானா சத்தம். முழங்கால் வலிக்காரி மெதுவாத்தான வருவா? அது புத்திக்குத் தெரியுது. வாய்க்குத் தெரிய மாட்டேங்கு. அன்னைக்குக் கேட்டா, 'நான் என்ன உங்க பஸ்ஸா, நிமிசம் பாக்கதுக்கு?'ன்னு."

மரகதம் சிரித்துவிட்டார்.

பிரமநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"இங்க வந்தா வாயில ஒரு சொல்லு வாரதில்ல. உள்ள எல்லாம் குளுந்து போயிருது. அத வீடு வரைக்கும் கொண்டுபோக ஒரு வழி சொல்லுங்க. நாலு நாளுதான் இருக்கு."

"அதான் சொல்லியாச்சே. மேற்கு வாசல்."

*

மறுநாள் அவர் நொண்டிக்கொண்டு வந்தார்.

"செருப்பு கிழக்கு வாசல்ல கெடந்துது, அம்மா."

"அடடா."

"தார் ரோட்டுல வெறுங்காலோட கோயிலையே வெளிய சுத்தி வந்தேன். தெக்கு ரத வீதி திரும்பதுக்குள்ள மூணு பேரத் திட்டியாச்சு."

"யார் யார?"

"ஒரு ஆட்டோக்காரன். ஒரு மாடு."

"ரெண்டுதான ஆச்சு?"

"மூணாவது உங்களத்தான்."

"நல்லது" என்றார் மரகதம். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு நானும் கூட வாரேன். நீங்க எப்பவும் கும்பிடுத மாதிரியே கும்பிடுங்க. நான் கூட இருக்கேன்னு நெனைக்காண்டாம்."

பிரமநாயகம் கொடிமரத்தடியில் விழுந்து வணங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நந்தியைச் சுற்றினார்.

தூண் வரிசைக்குள் நடந்தபோது அவர் நடையே மாறிப்போனது. யாளிகள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. எண்ணெயும் வௌவாலும் வில்வமும் கலந்த அந்த வாசனை வந்தது. வெளியூர்க் கூட்டம் ஒன்று வழியை மறித்து நின்று போட்டோ எடுத்தது. அவர்கள் முடிக்கிற வரை நின்றார். தட்டினால் சுரம் வரும் கல்தூணை ஒருவன் கம்பிக்குள் கைவிட்டுத் தட்டிப் பார்த்தான். அவனையும் ஒன்றும் சொல்லவில்லை.

வரிசையில் ஒரு பெண் அவர் காலை நன்றாக மிதித்துவிட்டாள். நேற்று தார் சுட்ட கால்.

"இருக்கட்டும் தாயி. நீ முன்னால போ" என்றார்.

சாமி பார்த்தாயிற்று. அம்பாள் பார்த்தாயிற்று. கடைசியாக, கருவறைச் சுவரை ஒட்டி வடக்கே இருக்கும் சின்னச் சந்நிதிக்கு வந்தார். சண்டிகேஸ்வரர்.

கண்ணை மூடினார். மூன்று முறை கை தட்டினார்.

டைம் கீப்பர் கை. பிரகாரம் முழுக்க எதிரொலித்தது. மேலே இருந்த புறாக்கள் எழும்பிப் போயின.

"ஏன் அண்ணாச்சி இவ்வளவு சத்தமாத் தட்டுதிய?"

"இவருக்குக் காது கேக்காதுல்லா?"

"யாரு சொன்னா?"

"எங்க அப்பா சொல்லிக் குடுத்தது. செவிட்டுச் சாமின்னுதான் சொல்லுவாரு. நான் வந்துட்டுப் போறேன்னு இவருகிட்டச் சொல்லிட்டுத்தான் கெளம்பணும். தட்டினாத்தான் அவருக்குத் தெரியும்."

அவருக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. உள்ளே வந்த வண்டி பெயரைப் பதிந்துவிட்டுத்தானே கிளம்ப வேண்டும்?

"அவருக்கு நல்லாவே காது கேக்கும். கண்ண மூடி உக்காந்திருக்காரு, அவ்வளவுதான்" என்றார் மரகதம். "சிவன் சொத்துக்கு இவருதான் காவல். வெளிய போறவங்க இவரு முன்னால கையத் தொடச்சு விரிச்சுக் காட்டணும். இங்க இருந்து ஒண்ணும் எடுத்துட்டுப் போகல, கை வெறுங்கைதான், பாத்துக்கிடுங்கன்னு. தொடச்சது போகப் போகத் தட்டுததா ஆயிட்டு. தட்டினதப் பாத்து ஆளுக செவிடுன்னு முடிவு கட்டிட்டாங்க."

பிரமநாயகம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"அப்ப நாப்பது வருசமா நான்..."

"ஒரு நாள் தவறாமச் சொல்லிட்டுத்தான் போயிருக்கிய. ஒண்ணும் எடுத்துக்கிடலேன்னு."

"சத்தமா வேற சொல்லியிருக்கேன்."

"ஊருக்கே கேட்டிருக்கும்."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். மரகதம் நந்தவனத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்.

*

வெள்ளிக்கிழமை பிரமநாயகம் கை தட்டவில்லை.

சண்டிகேஸ்வரர் சந்நிதி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கைகளை வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டார். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவர் திறந்துவிடக் கூடாதே என்று விரல் நுனியில் நடந்து கடந்தார்.

யாரும் பிடிக்கவில்லை.

கிழக்கு வாசல் தாண்டினார். கோபுரத்தடியில் நின்று உள்ளுக்குள் தடவிப் பார்த்தார். இருந்தது. அந்தக் குளிர்ச்சி அப்படியே இருந்தது. முதல்முறையாக வாசலைத் தாண்டி வந்திருந்தது.

இனி சிந்தாமல் கொண்டுபோக வேண்டும்.

இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டார். டீக்கடைக்காரர் "என்ன டைம் கீப்பர், இன்னைக்கு லேட்டா?" என்று கூப்பிட்டார். பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் கொஞ்சம் போய்விடும். எதிரே சைக்கிள் வந்தது. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். இடித்தால் கொஞ்சம் போய்விடும். ஒரு நாய் பின்னாலேயே வந்தது. அதன் மேல் வந்த எரிச்சலையும் பல்லைக் கடித்து அடக்கினார். எரிச்சல்பட்டால் கொஞ்சம் போய்விடும்.

ஒன்றரை மைல் வேர்க்க வேர்க்க நடந்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

கை மூடியிருந்ததால் முழங்கையால் கதவைத் தட்டினார். உலகம்மாள் வந்து திறக்க நேரமானது. காத்திருந்தார். பொறுத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மூடியிருந்த கைகளைப் பார்த்தாள்.

"கையில என்ன?"

அவர் தலையை ஆட்டினார்.

"காயமா? எங்கயாவது விழுந்திட்டியளா? காட்டுங்க பாப்பம்."

கையைத் தொட்டாள். விரலைப் பிரிக்கப் பார்த்தாள்.

"தொடாத!" என்று பிரமநாயகம் கத்தினார். "பேசாத! நான் அமைதியா இருக்கேன்! நீ வந்து அதக் கெடுத்துராத!"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. இன்னும் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

உலகம்மாள் அவர் கையை விட்டாள்.

"கேட்டுது" என்றாள். "நீங்க அமைதியா இருக்கது தெரு முழுக்கக் கேட்டுது."

அவள் உள்ளே போனாள். மூடிய கைகளோடு அவர் வாசலில் நின்றார். விரித்துப் பார்த்தார். உள்ளங்கைகளில் நகம் பதிந்த தடம்தான் இருந்தது.

*

சனிக்கிழமை காலை பிரமநாயகம் முந்தின நாள் நடந்ததை எல்லாம் கிணற்றடியில் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. ஜன்னல்களையும் சொன்னார்.

மரகதம் பூக்கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"சிரிச்சிருங்க, அம்மா. பரவாயில்ல."

மரகதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அத்தன பாடுபட்டு யாருக்குக் கொண்டுபோனிய?"

"வீட்டுக்குத்தான்."

"யாருக்குன்னு கேட்டேன்."

பிரமநாயகம் வாயைத் திறந்தார். உலகம்மாளுக்கு என்று சொல்லத்தான் திறந்தார். கையைப் பிரிக்க வந்த அவள் விரல்கள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டார்.

மரகதம் நந்தியாவட்டை பறிக்கப் போய்விட்டார்.

அன்று பிரமநாயகம் நெடுநேரம் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். வாளி போவதும் வருவதும் தெரிந்தது. வீட்டுக்குப் போனபோது இரண்டு பெட்டிகள் கூடத்தில் இருந்தன. மூன்றாவது, ஒரு பை, இன்னும் நிரம்பவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கே வந்துவிட்டார்.

சவரம் செய்யவில்லை. தூங்கியதாகவும் தெரியவில்லை. நேரே கிணற்றடிக்கு வந்தார்.

"அம்மா. இன்னைக்குக் கடைசி நாள். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. நூத்தெட்டு சுத்து சுத்தணுமா? சுத்துதேன். மொட்டை போடணுமா? போடுதேன். இனிமே வாயே தெறக்கக் கூடாதுன்னாலும் சரி."

மரகதம் பிச்சிக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கார் எத்தன மணிக்கு, அண்ணாச்சி?"

"பத்துக்கு."

"உலகம்மாள் இப்ப எங்க?"

"வீட்டுல."

"நீங்க?"

தண்ணீர் வேரைச் சுற்றிக் குழியில் இறங்கியது. மண் அதைக் குடித்து முடிக்கிற வரை பிரமநாயகம் நின்றார்.

பிறகு திரும்பினார்.

கொடிமரம் தூரத்தில் தெரிந்தது. அதற்கும் அப்பால் இருட்டுக்குள் ஒரு விளக்கு. நாற்பது வருடத்தில் சாமி பார்க்காமல் அவர் கோயிலைவிட்டு இறங்கியது அன்றுதான். நின்ற இடத்திலிருந்து கும்பிட்டாரா இல்லையா என்று பின்னால் எவ்வளவோ யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

*

தெருக்கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினார். திறந்தது.

கூடத்தில் இரண்டு பெட்டிகள் மட்டும் இருந்தன. பை இல்லை. உள்ளறைக் கதவு மூடியிருந்தது. அதற்குப் பின்னால் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

வழக்கப்படி வாசலில் இருந்தே அவள் பெயர் தொண்டைக்கு வந்தது. வந்து நின்றது.

உள்ளே அவள் நடந்தாள். ஒரு கால் ஊன்றியது. அடுத்த கால் தரையில் இழுபட்டு வந்து சேர்ந்தது. கொஞ்சம் நின்றாள். மறுபடி ஒரு கால்.

பீரோவிலிருந்து கட்டிலுக்கு எட்டு அடி தூரம்கூட இருக்காது. அவள் இன்னும் போய்ச் சேரவில்லை.

கை தானாகக் கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பியது. பிறகு ஏனோ பார்க்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தாள். மூச்சு விட்டாள். எதையோ மடித்தாள். பையின் ஜிப் பாதியில் சிக்கியது. இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். பிறகு அந்தக் கால், அந்த இழுபடல், இந்தப் பக்கமாக.

இத்தனை வருடமாக அவர் கதவுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தபோதெல்லாம் உள்ளே இது நடந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது.

உலகம்மாள் திடுக்கிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன இது, துண்டு இடுப்புல இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். தோளில் போட்டுக்கொண்டுதான் வந்தார். எப்போது எடுத்துக் கட்டினார் என்று தெரியவில்லை. கைகள் கூட முன்னால் கட்டியிருந்தன.

"கோயில் பூட்டியிருக்கா? வீட்டுலயே கும்பிட வந்துட்டியளா?"

"இல்ல. பாதியில வந்துட்டேன்."

"எவ்வளவு நேரமா இங்க நிக்கிய?"

"தெரியல."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. நிலையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

"வந்துட்டேன்னு கூப்பிட வேண்டியதுதான?"

"நீ வருவேல்லா" என்றார். "அதான் நின்னேன்."

அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது தினமும் சொட்டுகிற குழாய்தான்.

வாசலில் ஹாரன் அடித்தது. அவள் தம்பி தாணு செருப்புக் காலோடு கூடத்துக்கே வந்துவிட்டான்.

"அக்கா, ரெடியா? வாங்க அத்தான். வெயிலுக்கு முன்னால கெளம்பிரலாம்னு பாக்கேன். ரெண்டு பெட்டி, ஒரு பை. அவ்வளவுதான?"

குனிந்து பெட்டியைத் தூக்கினான்.

"ஏல, அதக் கீழ வை" என்றாள் உலகம்மாள்.

"ஏன், கார்ல எடம் இருக்கு."

"வைன்னு சொல்லுதேன்லா. செருப்பக் கழட்டிட்டு வந்து உக்காரு. காப்பி போடுதேன். குடிச்சிட்டு வெயிலுக்கு முன்னால நீ கெளம்பு."

தாணு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். இடுப்பில் இருந்த துண்டையும் பார்த்தான்.

"அப்ப நீ வரலயா? போன் பண்ணிக் கூப்பிட்டது நீதான? நாப்பது வருசமாப் பட்டது போதும்னு சொன்னது நீதான?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு கால், பிறகு அடுத்த கால். அவளுக்கு இரண்டடி பின்னால் பிரமநாயகம், முந்தாமல், அதே வேகத்தில்.

"நான்தான் சொன்னேன். யாரு இல்லேன்னா?" என்றாள் திரும்பாமலே. "இப்பத்தான் உங்க அத்தான் மொத மொதலா வீட்டுக்கு வந்திருக்காவ. வந்த ஆள வாசல்ல நிறுத்திட்டு நான் கார்ல ஏறவா?"